உங்களுக்குத் தெரியுமா? திபெத்தின் தங்கா ஓவியங்கள்

● திபெத்திய பௌத்தர்கள் வழிபடும் துணி ஓவியம் தங்கா. பருத்தித் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தோலைக் காய்ச்சி எடுத்த பசையில் சுண்ணாம்புப் பொடி குழைத்துப் பூசி, வழவழப்பாகும்வரை தேய்ப்பார்கள். மரபு முறையில் நீலமும் பச்சையும் கற்களை அரைத்தே எடுக்கப்படுகின்றன.

● புத்தரைத் தோன்றியபடி வரைய ஓவியருக்கு அனுமதி இல்லை. காலச்சக்கரம் என்ற பௌத்தத் தந்திர மரபில் புத்தர் உருவத்தின் உயரம் 125 விரல் அளவு. அளவுக் கோடுகளைப் போட்ட பிறகே உருவம் எழும்பும். பழைய தங்காக்களில் பெரும்பாலானவற்றில் ஓவியர் பெயர் கிடையாது. வணங்குவதற்காக வரைந்த படத்தில் தன் பெயருக்கு இடமில்லை என்று நினைத்த அந்தக் கலைஞர்கள் வணக்கத்துக்குரியவர்கள்.

● கண்களை வரைவது கடைசியில்தான். துணியின் பின்புறத்தில், உருவத்தின் நெற்றி, தொண்டை, நெஞ்சுக்கு நேராக ஓம், ஆ, ஹூம் என்ற எழுத்துகளை எழுதுவார்கள்.

● வெண்தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்துக்குக் கண்கள் ஏழு: முகத்தில் மூன்று, உள்ளங்கைகளில் இரண்டு, உள்ளங்கால்களில் இரண்டு. துன்பப்படுவோர் எந்தத் திசையில் இருந்தாலும் அவள் பார்வைக்குத் தப்பாது என்பது நம்பிக்கை.

● மடாலய வாசலில் பலரையும் நிறுத்திவிடும் படம் பவச்சக்கரம். பெரிய சக்கரம் ஒன்றை யமன் பல்லாலும் நகத்தாலும் கவ்விப் பிடித்திருப்பான். நடுவில் சேவல், பாம்பு, பன்றி: ஆசை, வெறுப்பு, அறியாமை. சுற்றிலும் தேவர், மனிதர், விலங்கு, நரகர் முதலிய பிறவிகள். வெளி வட்டத்தில் பன்னிரண்டு சிறு காட்சிகள். மணிமேகலை படித்தவர்களுக்கு இவை புதியவை அல்ல. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றிப் பிறவியைத் தொடரச் செய்வதாக அந்தக் காப்பியம் சொல்லும் பன்னிரு சார்புகள்தாம் இங்கே படமாகியிருக்கின்றன. பேதைமைக்குக் கோலூன்றும் குருடர், செய்கைக்குப் பானை வனையும் குயவர், ஐம்புலனும் மனமும் ஆகிய வாயில்களுக்குச் சன்னல் வைத்த வீடு, நுகர்வுக்குக் கண்ணில் தைத்த அம்பு! தத்துவத்தை எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ளும்படி இவ்வளவு துல்லியமாகச் சொன்ன ஓவியம் வேறு இருக்குமா என்பது சந்தேகமே. புத்தர் சக்கரத்துக்கு வெளியே நின்று வழி காட்டுவார்.

● பூட்டானின் பாரோ திருவிழாவில் கட்டட உயரத்துக்கு ஒரு மாபெரும் தங்காவை விடியுமுன் விரிப்பார்கள். வெயில் படுமுன் சுருட்டிவிடுவார்கள்.

● ‘வால்கா முதல் கங்கை வரை’ எழுதிய ராகுல் சாங்கிருத்தியாயன் 1929க்கும் 1938க்கும் இடையில் நான்கு முறை திபெத் சென்றார். கொண்டுவந்த தங்காக்களைப் பாட்னா அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்.

● பவச்சக்கரம் பார்க்க இமயம் ஏற வேண்டியதில்லை. அஜந்தா 17ஆம் குகையின் தாழ்வாரத்தில் 5ஆம் நூற்றாண்டுச் சக்கரம் ஒன்று சிதைந்த நிலையில் இருக்கிறது. அங்கே போனால், உள்ளே நுழையுமுன் அந்தச் சுவரைப் பார்க்கத் தவறாதீர்கள்.