ஓரெழுத்தும் பாஷா உறவும்

இரண்டு பாஷைகளில் ஒரே ஓசையுள்ள விகுதி தென்பட்டால், உடனே அவ்விரண்டும் தாயும் மகளும் என்று முரசறைவோர் நம்மிடையே பலர் உளர். மேடையில் இவ்வாதம் கரகோஷம் பெறும். ஆராய்ச்சியின் முன் ஒரு நாழிகையும் நில்லாது. ‘இ’ என்னும் சிறு விகுதி ஒன்றையே எடுத்து நோக்குவோம்.

தமிழில் ‘ஓடி’, ‘பாடி’ என்பவற்றில் அது வினையெச்சம்; ‘தோழி’, ‘கிழவி’ என்பவற்றில் பெண்பால்; ‘நாற்காலி’யில் உடைமை; ‘வழிகாட்டி’யில் செய்வோனைக் குறிப்பது. இத்தாலியில் ‘லிப்ரோ’ ஒரு புஸ்தகம், ‘லிப்ரி’ பல புஸ்தகங்கள். பின்லாந்துக்காரர் ‘ஸனோன்’ என்றால் ‘சொல்கிறேன்’ என்பது பொருள். இடையே ‘இ’ புகுந்து ‘ஸனோயின்’ ஆனால் ‘சொன்னேன்’ என்று இறந்தகாலமாகிவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலியிலோ ‘நினபெண்டா’ என்பது ‘நேசிக்கிறேன்’. முன்னே ‘ஸி’யும் ஈற்றில் ‘இ’யும் பெற்று ‘ஸிபெண்டி’ ஆனால் ‘நேசிக்கவில்லை’.

ஓசையோடு பொருளும் ஒத்தால் உறவு உறுதியன்றோ எனச் சிலர் வினவலாம். அதுவும் அன்று. பாரசீகத்தில் ஷிராஸ் நகரத்தான் ‘ஷிராஸி’. ஹிந்த் தேசத்தது ‘ஹிந்தி’. அரபியில் எகிப்துக்கு ‘மிஸ்ர்’ என்று பெயர், எகிப்தியன் ‘மிஸ்ரி’. பொருள் ஒன்றே; ஆயினும் பாரசீக விகுதி ‘ஈக்’ என்னும் பழைய வடிவின் தேய்வு; அரபி விகுதியோ செமித்திய இனத்துக்குரியது. பிற்காலப் பழக்கத்தால் அவை ஒன்றையொன்று வலுப்படுத்தின, பிறப்பால் வேறானவை.

இதற்குக் காரணம் யாது? மனிதன் வாயில் எளிதாய்ப் பிறக்கும் உயிரோசைகள் சில. இலக்கணம் உணர்த்தவேண்டிய பொருள்களோ பல. ஆயிரக்கணக்கான பாஷைகள் அச்சிலவற்றையே எடுத்தாளும்போது தற்செயலான ஒற்றுமை நேராதிருப்பதே அதிசயமாகும்.

அங்ஙனமாயின் உறவை அறிவது எவ்வாறு? 1786-ல் கல்கத்தாவில் ஸர் வில்லியம் ஜோன்ஸ் ஸம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவற்றின் உறவைக் கூறியபோது, வினைப்பகுதிகளையும் இலக்கண அமைப்பையுமே சான்றாக்கினார். 1816-ல் எல்லிஸ், தெலுங்கு ஸம்ஸ்கிருதத்தினின்று பிறந்ததன்று எனக் காட்டத் தமிழ், தெலுங்கு, கன்னடப் பகுதிகளை வரிசையாய் வைத்து ஒப்பிட்டார். 1856-ல் கால்டுவெல் மூவிடப் பெயர்களையும், எண்ணுப் பெயர்களையும், வேற்றுமையுருபுகளையும், வினைமுற்றுகளையும் சேர்த்தாராய்ந்தார். ஓரெழுத்தைப் பிடித்துக்கொண்டு இவர்கள் வழக்காடவில்லை.

பாஷாபிமானம் நன்று. ஆனால் பொய்ச் சான்றால் நாட்டிய பெருமையை எதிரி ஒருவன் ஒரே வினாவால் வீழ்த்துவான். அப்போது அதனோடு மெய்ப்பெருமையும் நகைப்புக்கிடமாகும். தமிழின் தொன்மைக்கும் தனித்தன்மைக்கும் மெய்ச் சான்றுகளே போதும். பொய்ச்சாட்சி அழைப்பவன் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்பவனாவான்.