நாற்பதில் கம்பெடுத்தவர்

புத்தளத்து உப்பளமொன்றில் மேற்பார்வை உத்தியோகம் பார்க்கும் நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. வயது நாற்பத்தொன்று. சென்ற ஆண்டு வைத்தியர் அவருடைய இரத்தத்தில் சீனி மிகுந்திருப்பதைக் கண்டு, "நாள்தோறும் நடவுங்கள்" என்று ஆலோசனை கூறினாராம். "நடப்பதை நான் என்றைக்கு நிறுத்தினேன்? விடிந்தது முதல் வரம்பில்தானே நடக்கிறேன்!" என்று நண்பர் நம்மிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆயினும் அவருடைய தந்தையார் இதே நோயால் ஒரு காலை இழந்து, அறுபதைக் காணாமலே கண்மூடியவர் என்பது நமக்குத் தெரியும்.

நண்பருக்கு இளமை தொட்டு ஓர் ஆசை இருந்தது. சண்டைக்கலை ஏதேனும் ஒன்றைக் கற்கவேண்டும் என்பதே அது. குடும்பப் பாரத்தால் தள்ளிப்போன அந்த ஆசை, இப்போது வைத்தியரின் வார்த்தையால் மீண்டும் தலைதூக்கியது. எதைத் தேர்வது என்று கேட்கவே அவர் வந்திருந்தார். நம்மிடம் கேட்டதற்குக் காரணம் நமது புகழன்று, நமது அவமானம்!

நாம் முப்பத்தெட்டாம் வயதில் பட்டணத்துப் பயிற்சி வகுப்பொன்றில் சேர்ந்தோம். பதினாறு வயதுப் பையன்களோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டு, தலையுயரத்துக்குக் காலை வீசுமாறு பணிக்கப்பட்டோம். பையன்கள் சிரிப்பார்களே என்ற வெட்கத்தில் நாமும் வீசினோம். மூன்றாம் வாரம் பின்தொடைத் தசை 'பட்'டென்று தெறித்தது. பஸ் வண்டியின் படியில் ஏற இரண்டு மாதம் சென்றது. பிழை பாதி ஆசிரியருடையது. பாதி நமது வீம்பினுடையது.

பிறகு விசாரித்து அறிந்தது இது: புதிதாக அப்பியாசம் தொடங்குவோனுக்குத் தசைகள் சில வாரங்களிலேயே வலுப்பெறத் தொடங்கிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களோ வலுப்பெற மாதக்கணக்காகும். முதலில் வந்த பலத்தை நம்பி மனிதன் துள்ளுகிறான். பின்தங்கிய நாண் அறுகிறது. இளைஞர்களிடம் இந்த விபத்து குறைவு. முப்பதைக் கடந்தவர் முதல் ஆறு மாதத்தைப் பொறுமையோடு கழிப்பாராயின் பின்னர் அச்சம் பெரிதும் குறையும். சீனி, இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் காண்பது அவசியம். சீனி நோயாளர் வெறுங்காலோடு பயிலும்போது பாதத்தில் சிறு புண்ணும் உண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி எந்தக் கலை? குத்துச்சண்டை நம் நாட்டில் பெருமை பெற்றது. 1938ஆம் ஆண்டு சிட்னி நகரில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்றிக்கஸ் இலங்கைக்குத் தங்கப் பதக்கம் வென்று தந்தது இக்கலையிலேதான். கயிறு தாண்டலும் மணல்மூட்டையைக் குத்துதலும் நல்ல தேகாப்பியாசங்கள். தலையில் அடி வாங்குதல் மட்டும் நாற்பது வயதுக் குடும்பஸ்தனுக்கு வேண்டாம் என்பது நமது துணிபு. கொரியரின் டைக்வொண்டோ உயர்ந்த உதைகளுக்குப் பேர்போனது. அதைப்பற்றி நமது தொடையே சாட்சி கூறும்.

ஜூடோவின் கதை வேறு. ஜிகோரோ கானோ என்பவர் 1882இல் தோக்கியோ நகரில் அதனை நிறுவினார். இளமையில் மெலிந்த உடலினராய் வலியவர்களின் தொல்லைக்கு ஆளானவர் அவர். இதில் எறிவதற்கு முன் விழக் கற்பிப்பார்கள். கையை விரித்துத் தரையில் அறைந்து, தலை படாமல் உருண்டு விழும் வித்தை அது. முதுமையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவோர் எத்தனை பேர் என்பதை எண்ணினால் இதன் அருமை புலப்படும். ஆனால் மெத்தை விரிப்பும், கவனமான கூட்டாளியும், நல்ல ஆசானும் இன்றி ஜூடோவைத் தொடக்கூடாது. மாதர்க்கு இது ஆகுமா என்று ஐயுறுவோருக்காக ஒன்று சொல்வோம். கானோவிடம் 1935இல், இருபதைக் கடந்த வயதில், ஜூடோ பயிலத் தொடங்கிய கெய்க்கோ ஃபுகுடா என்ற பெண்மணிக்கு, 2011இல் அமெரிக்க ஜூடோ அமைப்பொன்று பத்தாம் தரத்தை வழங்கியது. அப்போது அம்மூதாட்டிக்கு வயது தொண்ணூற்றெட்டு!

நண்பரின் மனம் கராத்தேயில் சென்றது. அதிலும் நியாயமுண்டு. 'கட்டா' எனப்படும் அசைவுத் தொடர்களைத் தனியே வீட்டு முற்றத்திலும் பயிலலாம். ஒகினாவாத் தீவிலிருந்து 1922இல் தோக்கியோவுக்கு வந்து அக்கலையைப் பரப்பிய ஃபுனகோஷிக்கு அப்போதே ஐம்பது வயது கடந்துவிட்டது. ஆனால் தடை வீட்டிலேயே இருந்தது. நண்பரின் பன்னிரண்டு வயது மகள் அதே வகுப்பில் இரண்டாண்டாகப் பயில்கிறாள்; இடையில் பச்சைப் பட்டி. "வாப்பா வெள்ளைப் பட்டியோடு வந்தால் கடைசி வரிசையில்தான் நிற்கவேண்டும். எனக்குத் தலைகுனிந்து வணக்கமும் சொல்லவேண்டும்!" என்று அவள் கைகொட்டிச் சிரித்தாளாம். நண்பர் அதைச் சொல்லும்போது அவரும் சிரித்தார். ஆயினும் அவர் வகுப்புக்குப் போகவில்லை.

இது சின்ன விஷயமன்று. வயது வந்தோரைப் பயிற்சிக்களத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்புவது பெரும்பாலும் முழங்கால் அன்று, நாணமே. ஆகவே எந்தக் கலையை விரும்பினாலும் பணம் கட்டுமுன் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அங்கே தலை நரைத்தவர் ஒருவராவது இருக்கிறாரா? ஆசிரியர் உடலைச் சூடேற்ற நேரம் ஒதுக்குகிறாரா? 'வலிக்கிறது' என்று ஒருவன் சொன்னால் நிறுத்துகிறாரா, ஏளனம் செய்கிறாரா? கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்குப் பஸ் பிடித்துப் போகவேண்டிய வகுப்பு எவ்வளவு சிறந்ததாயினும் மழைக்காலத்தோடு நின்றுவிடும். நடந்துபோகும் தொலைவில் கிடைக்கும் எளிய கலை அதனினும் மேல்.

அந்த எளிய கலை நம் கரையோரத்துக்கு அந்நியமன்று. பத்தாலா என்று இபுனு பத்தூத்தா எழுதிவைத்த புத்தளத் துறையில் அவர் 1344இல் வந்திறங்கினார். சீனத்துக் கப்பல்களும் இலங்கைக்கு வந்ததற்கு, தமிழும் சீனமும் பாரசீகமும் பொறித்த 1409ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டுச் சான்று. 'சீனடி' என்னும் நம் நாட்டுக் கைச்சண்டை அத்தகைய மாலுமிகள் விட்டுப்போனது என்பது பெரியோர் வாய்மொழி. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் சீனடியும் சிலம்படியும் கலியாண வீடுகளிலும் பெருநாட்களிலும் ஆடப்பட்டு வந்தவை. சிலம்பத்துக்கு வேண்டியது நெற்றியளவு உயரமுள்ள ஒரு மூங்கிலோ பிரம்போதான். முதலில் சலாம் வரிசை, பின்னர் காலடி, பின்னர் வீச்சு. உதை இல்லை, எறிதல் இல்லை. தோளும் மணிக்கட்டும் இடுப்பும் ஒருங்கே சுழலும். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆடுபவர் கையில். எதிராளியோடு மோதும் கட்டம் வெகு காலம் கழித்தே வரும். வேண்டாதவர் அலங்காரச் சிலம்பத்தோடு நின்றுகொள்ளலாம்.

நண்பரின் ஊரிலேயே எழுபது கடந்த முதியவர் ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் கம்பு சுழற்றியவர்; இப்போது வலை பின்னிக்கொண்டிருந்தார். நாமே நண்பரை அவரிடம் அழைத்துப் போனோம். கிழவர் நண்பரை மேலும் கீழும் பார்த்து, "தம்பி, முதல் மாதம் கம்பு தரமாட்டேன். கால்தான்" என்றார். அவ்வாறே ஒரு மாதம் மணலில் நான்கு திசைக்கும் அடியெடுத்துவைக்க மட்டுமே பழக்கினார். "உப்பு வரம்பில் நடந்த காலுக்கு இவ்வளவு நோவா!" என்று நண்பர் வியந்தார்.

ஏழு மாதமாயிற்று. மாத்திரையை அவர் நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. ஆனால் அண்மைச் சோதனையில் சீனி இறங்கியிருப்பதாக வைத்தியர் சொன்னாராம். சென்ற ஞாயிறு மாலை நாம் போனபோது கச்சான் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. நண்பர் களப்போரத்தில் காற்றுக்கு எதிர்முகமாக நின்று கம்பைச் சுழற்றிக்கொண்டிருந்தார். எதிர்க்காற்றில் சுழற்றினால் மணிக்கட்டு உறுதிப்படும் என்பது கிழவரின் ஏற்பாடு. கம்பு இருமுறை கைநழுவி மணலில் விழுந்தது. சற்றுத் தள்ளி, பச்சைப் பட்டிக்காரி வேறொரு சிறு கம்போடு, தந்தையின் காலடியைப் பார்த்துப் பார்த்து அடியெடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். "வாப்பா, மெதுவாகச் செய்யுங்கள், எனக்குப் பிடிபடவில்லை" என்றாள். கிழவர் வலையை மடியில் வைத்தபடி, "முதலில் வாப்பாவுக்குச் சலாம் போடு பிள்ளை" என்றார்.