ஆறாம் வகுப்பு எந்த ஊரில்?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பல வாய்ப்புகளைத் திறந்துவிட்டிருக்கிறது. 2020இல் மருத்துவத்துக்கும், அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் முதலிய படிப்புகளுக்கும் வந்த அந்தச் சட்டங்களின் முக்கிய நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. நியாயமானதுதான். ஆனால் அதில் அடிபட்டுப்போகிறவர்களில் பட்டாளத்துக்காரர்களின் பிள்ளைகளும் உண்டு. ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து படையில் சேர்ந்த ஒரு ஹவில்தாரை எடுத்துக்கொள்வோம். எல்லையில் ‘ஃபீல்டு’ பணியில் இருக்கும்வரை குடும்பம் ஊரில் இருக்கும். ‘பீஸ் ஸ்டேஷன்’ போட்டு குவார்ட்டர்ஸும் கிடைத்தால் அழைத்துக்கொள்வார். மகள் ஆறும் ஏழும் ஜபல்பூரில் கேந்திரிய வித்யாலயாவில் படிப்பாள். சிப்பாய்கள் பலர் நாற்பது வயதையொட்டியே ஓய்வு பெறுவதால், அப்பா ஊர் திரும்பும்போது அவளுக்கு இன்னும் ஐந்து வகுப்பு பாக்கியிருக்கும். அதை உள்ளூர் அரசுப் பள்ளியில் முடிக்கிறாள். ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; ஈச்சங்கோட்டையில் வேளாண் கல்லூரி. இவற்றில் அவளுடைய வகுப்புத் தோழி 7.5 சதவீதத்தில் இடம் கேட்கலாம். கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். இவள் பொதுப் போட்டிக்குத்தான் போக வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அதே காரணத்தால் கிடையாது.

அரசு ஆணையால் ஊர் மாறிய ஆண்டுகளை அந்தப் பிள்ளை சொந்த மாநிலத்தை விட்டுப்போன ஆண்டுகளாகக் கணக்கிடக் கூடாது என்பதே என் வாதம். இது புதுமையான கோரிக்கை அல்ல. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களை 7.5 சதவீதச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. ஆறிலிருந்து என்ற கணக்கு, காரணம் இருந்தால் தளரக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மீனாட்சி மாலிக் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றமும் இதே வழியில்தான் போனது. கல்லூரியில் சேர, கடைசி இரண்டு ஆண்டு டெல்லிப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற விதி, அரசாங்கம் பெற்றோரை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பியதால் கூடவே போக நேர்ந்த மாணவர்களுக்குப் பொருந்தாது என்று சொன்னது. அமெரிக்காவில் மாநிலக் கல்லூரிகள் வெளி மாநிலத்தாரிடம் பல மடங்கு கட்டணம் வாங்கும். அங்கே 2014இல் வந்த சட்டம், படைவீரர் கல்வி உதவியில் படிக்கும் முன்னாள் வீரர்களிடமும் அதைப் பயன்படுத்தும் அவர்கள் குடும்பத்தாரிடமும் உள்ளூர்க் கட்டணமே வாங்கச் செய்தது. படையை விட்ட மூன்று ஆண்டுக்குள் சேர வேண்டும் என்றிருந்த வரம்பையும் 2021இல் நீக்கிவிட்டார்கள்.

முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். பொறியியலில் அது 150 இடங்கள். மருத்துவத்தில் கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய இடங்கள். போரில் உயிர் நீத்தவர், ஊனமுற்றவர், விருது பெற்றவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அதில் முன்னுரிமை; அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பதினேழு ஆண்டு பணியாற்றிவிட்டுத் திரும்பிய சாதாரண ஹவில்தார் வரிசையின் கடைசியில் நிற்பார். பிரதமரின் கல்வி உதவித்தொகையும் மாதம் 2,500, பெண்களுக்கு 3,000 ரூபாய்தான். ஆண்டுக்கு நாடு முழுக்க 5,500 பேருக்கு மட்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கேந்திரிய வித்யாலயாவில் படித்த பிள்ளையையும் ஓராசிரியர் பள்ளியில் தொடங்கிய விவசாயக் கூலியின் பிள்ளையையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்கக் கூடாது. ஏழு வகுப்பும் வெளியே படித்தவருக்கு இந்தச் சலுகை வேண்டாம் என்றே நானும் சொல்வேன். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய இடைவெளி தந்தையின் அல்லது தாயின் பணியிட ஆணையோடு பொருந்த வேண்டும். படையில் சேர்ந்த நாளில் பதிவான சொந்த ஊர் தமிழ்நாட்டில் இருக்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளையும், படை ஆவணம், பள்ளிச் சான்று இரண்டையும் வைத்து ஒரே நாளில் சரிபார்க்கலாம். வங்கி ஊழியரும் ரயில்வேக்காரரும் நாளைக்கு இதையே கேட்பார்கள் என்றால், கேட்கட்டும். அவர்கள் பதவி உயர்வை வேண்டாம் என்று சொல்லி ஊரிலேயே இருந்துவிட வழியுண்டு. சிப்பாய் இடமாற்றத்தை மறுத்தால் ராணுவச் சட்டப்படி அது குற்றம்.