சென்சாருக்குத் தெரியாத புளிப்பு

நொதி பயோசென்சர் பற்றி வந்த கடிதங்கள் பலவற்றிலும் ஒரே குழப்பம்: ஒரே யோகர்ட்டுக்கு ஆய்வகம் சொல்லும் புளிப்பைவிடச் சென்சார் குறைத்துக் காட்டுகிறதே, எதை நம்புவது?

சர்க்கரை அளக்கும் பட்டையைப் பார்க்காதவர் இல்லை. இந்தச் சென்சாரும் அதே சங்கதிதான், நொதி மட்டும் வேறு: லாக்டேட் ஆக்சிடேஸ். லாக்டிக் அமிலத்தை அது பைருவேட்டாக மாற்றும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கும். மின்முனையில் அது தரும் மின்னோட்டம்தான் அளவு. 0.9 சதவீதப் புளிப்பு என்றாலே லிட்டருக்கு 9 கிராம், நொதி திணறிவிடும். அதனால் நூறு மடங்குக்கு மேல் நீர்த்துத்தான் சொட்டு விடுவார்கள்.

'நொதி தன் இலக்கைத் தவிர எதையும் தொடாது' என்பது விற்பனைப் பிரசுரங்களின் வழக்கமான பெருமை. உண்மைதான், வில்லங்கமும் அதுவேதான். லாக்டிக் அமிலத்துக்கு எல், டி என இரண்டு வடிவங்கள், இடது கையும் வலது கையும் மாதிரி. லாக்டேட் ஆக்சிடேஸ் எல் வடிவத்தை மட்டுமே தொடும். சர்வதேச உணவுத் தரக் குறியீடான கோடெக்ஸ் விதிப்படி யோகர்ட்டில் இரண்டு பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் தருவது எல். லாக்டோபேசிலஸ் பல்காரிகஸ் தருவது டி. ஃப்ரிட்ஜுக்குள் போன பிறகும் புளிப்பை ஏற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் பல்காரிகஸ். ஆக, நாள்பட நாள்பட நாக்குக்குப் புளிப்பு ஏறும். சென்சாரின் எண் அந்த அளவுக்கு ஏறாது. டி-லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் பூசிய இரண்டாவது மின்முனை இருந்தால் டி வடிவமும் பிடிபடும். அது இல்லாத கருவியின் திரையில் வெறுமனே 'லாக்டிக் அமிலம்' என்று போடுவது என் கணக்கில் பாதி உண்மை.

ஆய்வக எண் மட்டும் யோக்கியமா? பினாப்தலீன் என்ற நிறங்காட்டி விட்ட மாதிரியில் இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடும் பழைய முறை அது. கேசீன், பாஸ்பேட் எல்லாம் சேர்ந்து 'லாக்டிக் அமிலம்' என்ற பெயரில் பதிவாகும். கறந்த பாலுக்கே அது 0.14 சதவீதம் காட்டும். அந்தப் பாலில் லாக்டிக் அமிலம் கிட்டத்தட்ட இல்லை! யோகர்ட்டுக்குக் கோடெக்ஸ் வைத்த 'குறைந்தது 0.6 சதவீதம்' இந்தக் கணக்கில்தான். எனவே சென்சார் எண்ணை நேரடியாக அந்த வரம்போடு ஒப்பிடக் கூடாது.

டி வடிவம் கெடுதலா? ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இல்லை. கைக்குழந்தை உணவில் சேர்க்க வேண்டாம் என்கிறது எஃப்.ஏ.ஓ.-உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு.

வீட்டுத் தயிர்? உறைமோருக்கு உறைமோர் எல்-டி விகிதம் மாறும்.

யூரியா கலப்படம்? அதற்கு யூரியேஸ் நொதி வேண்டும், இந்தப் பட்டை உதவாது.

சர்க்கரைப் பட்டையில் தயிரைத் தொட்டுப் பார்க்கலாமா? அதன் நொதி வேறு; பட்டைதான் வீண்.