தறியை நிறுத்தும் மழைக்கால ஜுரம்

ஆரணிப் பட்டைக் கேள்விப்படாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. கமண்டல நாக நதிக்கரையில் உள்ள இந்த ஊரிலும், சுற்றியுள்ள தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் போன்ற ஊர்களிலும் நெசவுதான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்ததும் 'புளூ' ஜுரமும் வந்து சேரும். வட இந்திய ஊர்கள் பலவற்றில் இது ஆடி, ஆவணி மழையோடு பரவுகிறது. சென்னையிலும் வேலூரிலும் ஆராய்ந்தவர்கள், இந்தப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் அது உச்சத்துக்குப் போகிறது என்று கண்டார்கள். ஆரணி வேலூருக்குப் பக்கத்து ஊர். அதே மழை, அதே பருவம்.

"வெறும் ஜலதோஷம்தானே" என்று பலர் நினைப்பார்கள். ஜலதோஷம் மெல்ல வரும், மூக்கோடு போய்விடும். புளூ அப்படி அல்ல. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் படுத்துவிடுவார். கடும் ஜுரம், உடம்பெல்லாம் வலி. ஜுரம் சில நாளில் இறங்கினாலும், இருமலும் அசதியும் இரண்டு வாரம் வரை விடாது.

மாதச் சம்பளக்காரர் லீவு எழுதிக் கொடுப்பார். நெசவாளி யாரிடம் லீவு கேட்பது?

ஒருவர் படுத்தால்...

பட்டு நெசவு தனி ஆள் வேலை அல்ல. கணவர் தறியில் உட்கார்ந்தால் மனைவி தார் சுற்றுவார். கண் தெரியும் வரை பாட்டியும் இழை பிரிப்பார். கோர்வைச் சேலை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். ஆகவே ஒருவர் படுத்தால் எல்லாருடைய வேலையும் தடைப்படும். பிள்ளை படுத்தாலும் அதே கதைதான். தாய் பிள்ளையைப் பார்ப்பாரா, தாரைப் பார்ப்பாரா?

தறி இருப்பதும் வீட்டுக்குள்தான். பட்டிலும் ஜரிகையிலும் ஈரம் படக்கூடாது என்று மழை நாளில் கதவு, ஜன்னல்களைச் சாத்தி வைப்பார்கள். புளூக் கிருமி இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் நீர்த்துளிகளோடு பரவுவது. காற்றோட்டம் இல்லாத அறையில் அது ஒருவரோடு நிற்பதில்லை. பட்டைக் காப்பாற்றச் சாத்திய கதவு நோயையும் உள்ளேயே வைத்துக் கொள்கிறது!

ஜுரத்தோடு நெய்து பார்ப்பவர்களும் உண்டு. கை நடுங்கினால் இழை அறும். சேலையில் குறை விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள்.

பேச்சுக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் பத்து நாளுக்கு ஒரு சேலை, மாதம் மூன்று சேலை இறங்குகிறது. நெசவாளி ஐந்து நாள் படுக்கிறார். எழுந்த பிறகும் ஒரு வாரம் அரை வேலைதான் ஓடுகிறது. அதற்குள் மனைவிக்கு ஜுரம். மாதக் கடைசியில் ஒரு சேலை குறைந்துவிடும். அதாவது வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. வீட்டு வாடகை குறையுமா? அரிசி, பால் செலவு குறையுமா? ஊசி, மாத்திரை, ஆட்டோச் செலவு வேறு சேர்ந்து கொள்கிறது. பிறகு பட்டு முதலாளியிடம் முன்பணம் கேட்க வேண்டியதுதான். பழைய முன்பணமே பாக்கி இருக்கும். புதியதும் அதோடு சேர்ந்து, இனி நெய்யும் சேலைகளின் கூலியில் கழியும். ஐப்பசி ஜுரத்தின் கடன் தைப் பொங்கல் வரை தொடர்ந்து வரும்.

ஆலையில் உண்டு, வீட்டில் இல்லை

இராணிப்பேட்டைத் தொழிற்சாலையில் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்துள்ள தொழிலாளி ஒருவருக்கு இதே ஜுரம் வந்தால், டாக்டர் சீட்டின் பேரில் கூலியில் நூற்றுக்கு 70 கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை இந்த உதவி உண்டு. இதற்கான சட்டம் 1948-ல் வந்தது. வீட்டில் தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறவருக்கு இந்தத் திட்டம் எட்டவில்லை.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெரிய நோய்க்கு, ஆஸ்பத்திரியில் படுத்துப் பெறும் சிகிச்சைக்குக் கை கொடுக்கிறது. புளூ வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பாயில் படுத்தே எழுந்து விடுகிறார்கள். நெசவாளருக்கென்றே 2005-ல் மைய அரசு ஒரு காப்பீடு கொண்டு வந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.15,000 வரை, அதில் பாதி, படுக்காமல் பெறும் வைத்தியத்துக்கு. நல்ல திட்டம்தான், ஆனால் அது நீடிக்கவில்லை. அதுவும் வைத்தியச் செலவுக்குத்தான். தறி நின்ற நாளுக்கு அல்ல.

புளூவைச் சின்ன நோய் என்று சொல்ல முடியாது. 1918-ல் இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் இதற்குப் பலியானார்கள். 1957-ல் 'ஆசியப் புளூ' சிங்கப்பூரிலிருந்து கப்பலேறிச் சென்னையில் இறங்கியது. சில மாதங்களில் நாடு முழுவதும் 44 லட்சம் பேருக்கு மேல் கண்டதாகக் கணக்கு. அதை அன்று ஆராய்ந்து எழுதியவர்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்தார். இன்றும் ஆண்டுதோறும் உலகில் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை பருவகாலப் புளூவால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

யாருக்கு ஆபத்து?

முதியவர்கள், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த ஜுரம் நுரையீரலைத் தாக்கக்கூடும். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், குழந்தை பால் குடிக்க மறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவர்களுக்குத் தர வேண்டிய தனி மருந்து, முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். "இந்தச் சேலையை இறக்கிவிட்டுப் போகலாம்" என்று காத்திருக்கும் வீடுகளில் அந்த இரண்டு நாளும் தறியிலேயே கழிந்துவிடுகின்றன.

தடுப்பூசியும் இருக்கிறது. கிருமி உரு மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கு ஒருமுறை, மழை பிடிப்பதற்கு முன்பே போட வேண்டும். நாடு முழுவதற்குமான இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது சேரவில்லை. தனியாரிடம் போட்டுக்கொள்ள ஒருவருக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு எவ்வளவு? தீபாவளிச் சேலைக்குக் கூலி வாங்கிய கையோடு நெசவாளி போடும் கணக்குகளில் இதுவும் ஒன்று.