நட்டைக் கழற்ற முன்னம்

ஸ்காபரோவில் பனி கரைந்ததும் எங்கள் வீட்டு வாசலில் என்னுடைய பழைய பிக்கப்பைத் தூக்கி வைத்து அடியில் பார்ப்பது வழக்கம். 2004ஆம் ஆண்டு வண்டி. தோட்டத்துக்கு மண் ஏற்ற, வீடு மாறுகிற சொந்தக்காரருக்குக் கட்டில் ஏற்ற என்று இன்னும் ஓடுகிறது. இந்த முறை குளிர்கால ரயர்களைக் கழற்ற முன் சில்லைப் பிடித்து ஆட்டினேன். மேலும் கீழுமாக ஆட்டினாலும் 'டொக்', பக்கவாட்டில் ஆட்டினாலும் 'டொக்'. கீழ் போல் ஜொயின்ற்றும் டை ரொட் எண்டும் தேய்ந்துவிட்டன.

மகளுக்குப் பதினாறு வயது. கையில் ஜி1 லைசென்ஸ். இந்த வண்டியில்தான் பழகப் போகிறாள். ஓடும்போது போல் ஜொயின்ற் கழன்றால் முன் சில்லு மடிந்துபோகும். கராஜில் கேட்ட கூலியோ சாமான் விலையைவிட அதிகம். "நானே செய்யிறன்" என்று இறங்கினேன்.

இந்த மூட்டுகள் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கின்றன? மூட்டின் தண்டு ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் ஒடுங்கி இருக்கும். அது போய் இருக்கிற துளையும் அதே வடிவம். நட்டை இறுக்க இறுக்கத் தண்டு துளைக்குள் ஆப்பு மாதிரி ஏறி இறுகிவிடும். ஊரில் பிக்காசுப் பிடி வெட்ட வெட்ட இறுகுமே, அதே கதைதான். அதற்கு மேல் இங்கே ஒவ்வொரு குளிர்காலமும் ரோட்டில் கொட்டுகிற உப்பு. இருபது வருட உப்பும் தண்ணீரும் சேர்ந்தால் இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிறந்தது மாதிரித்தான்.

முதல் நாள் டை ரொட் எண்டில் தொடங்கினேன். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்தேன். ஸ்பிளிட் பின் உடைந்து உடைந்து வந்தது. நட்டைக் கழற்றிவிட்டுத் தண்டின் நுனியில் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். பத்து அடியில் நுனி காளான் மாதிரி விரிந்ததுதான் மிச்சம். மூட்டு அசையவில்லை.

சத்தம் கேட்டு மாமா வெளியே வந்தார். என் மனைவியின் அப்பா. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில் கராஜ் வைத்திருந்தவர். கனடா வந்த பிறகு அவரிடம் யாரும் ஒரு வண்டியைப் பற்றியும் கேட்டதில்லை. நானும்தான்.

"தம்பி, அதிலை அடிக்காதையும். அது வெளியிலை வாறதுக்கு, நீர் துளையையெல்லோ அசைக்க வேணும்" என்றார். புதுச் சாமான் கிடைக்காத காலத்தில், கழற்றிய மூட்டையே திருப்பிப் போட வேண்டி வரும். அதனால் தண்டை நசுக்காமல் கழற்றப் பழகியவர். தண்டு நிற்கிற துளையைச் சுற்றி இருக்கும் தடித்த இரும்பின் ஒரு பக்கத்தில் ஒரு கனமான சுத்தியலை அண்டக் கொடுக்கச் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் மற்றச் சுத்தியலால் அடித்தார். மூன்றாவது அடியில் 'டங்' என்று கழன்றது. அடிக்கிற கணத்தில் துளை இம்மியளவு நெளிய, ஆப்பின் பிடி விட்டுப் போகிறது. இரண்டு பல் உள்ள பிக்கிள் ஃபோர்க்கை அடித்து ஏற்றியும் கழற்றலாம். ஆனால் அது ரப்பர் பூட்டைக் கிழித்துவிடும். எறியப் போகிற மூட்டுக்கு மட்டும்தான் அது சரி.

அடுத்தது போல் ஜொயின்ற். மகள் நிலத்தில் படுத்து டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டியின் சட்டம் ஸ்டாண்டில் நின்றது. ஷொக் அப்சோர்பரைக் கழற்றியாயிற்று. போல் ஜொயின்ற்றின் நட்டை முழுதாகக் கழற்றப் போனேன்.

"பொறும்!" என்று மாமா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. "பிள்ளை, நீ எழும்பி வா. தம்பி, உந்த ஸ்பிரிங்கை ஆர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது எண்டு பாரும்."

பார்த்தேன். சட்டத்துக்கும் லோவர் ஆர்முக்கும் நடுவில் அமுங்கிய சுருள் ஸ்பிரிங். அந்த ஆர்மைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது நான் கழற்றப் போன மூட்டு. அது விட்டிருந்தால் ஆர்ம் கீழே அறைந்து, ஸ்பிரிங் வெளியே பாய்ந்திருக்கும். அது உயிரையே எடுக்கும். மகளின் தலை இருந்தது அதற்கு நேரே. கொஞ்ச நேரம் என் கை நடுங்கியது.

பிறகு எல்லாம் அவர் சொன்னபடி. லோவர் ஆர்மின் கீழே, போல் ஜொயின்ற்றுக்குக் கிட்ட ஜாக்கை வைத்துப் பாரத்தை ஏற்றினோம். நட்டைச் சில புரி மட்டும் தளர்த்தி, தண்டிலேயே விட்டோம். சாமான் கடையில் முற்பணம் கட்டி இரவல் வாங்கிய புல்லரைப் பூட்டி இறுக்கி, துளையைச் சுற்றிய இரும்பின் பக்கத்தில் அடித்தோம். துவக்கு வெடித்த மாதிரிச் சத்தம். தண்டு விடுபட்டது, நட்டு பிடித்துக்கொண்டது. அதன் பிறகே நட்டைக் கழற்றி, ஜாக்கை மெல்ல மெல்ல இறக்கி, ஸ்பிரிங் தளர்ந்த பிறகு கையை வைத்தோம்.

அசையாவிட்டால் துளையைச் சுற்றிச் சூடு காட்டலாம். ஆனால் ரப்பரும் கிரீஸும் தீப்பிடிக்கும், பிரேக் ஹோஸ் பக்கத்தில் இருக்கும். அலுமினியப் பாகமென்றால் நெருப்பே வேண்டாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

புதுசு பூட்டும்போது தண்டும் துளையும் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். நட்டை வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் துளை நேருக்கு வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். ஒருபோதும் தளர்த்த வேண்டாம். பின் எப்போதும் புதிதாக இருக்கட்டும். பழைய டை ரொட் எண்டை எத்தனை சுற்றில் கழற்றினோம் என்று மகள் எண்ணி எழுதி வைத்தாள். புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினோம். ஆனாலும் அலைன்மென்ற் செய்யாமல் வண்டியை அவளிடம் கொடுக்கவில்லை.

மற்றப் பக்கச் சில்லை அடுத்த சனிக்கிழமை செய்தோம். நான் ஸ்பானரை எடுத்ததும் மகள் என் கையைப் பிடித்தாள். "அப்பா, நில்லுங்கோ. அம்மப்பா வரட்டும்."

மாமா ஏற்கெனவே சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.