ரசீது இருக்கிறது, பட்டா இல்லை

தேனி மாவட்டத்தில் கடமலைக்குண்டைத் தாண்டி வருசநாட்டுப் பக்கம் போனால் மூல வைகை பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். கரையை ஒட்டிய சரிவுகளில் இலவ மரமும் முந்திரியும் எலுமிச்சையும் ஏறிக்கொண்டே போகும். தோப்பு எங்கே முடிகிறது, காப்புக்காடு எங்கே ஆரம்பிக்கிறது என்று வெளியாளுக்குத் தெரியாது. உள்ளூர்க்காரர் ஓர் எல்லையைக் காட்டுவார். வனத்துறை வரைபடம் இன்னோர் எல்லையைக் காட்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற குடும்பங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இந்த வருசநாட்டு மலைதான் வைகை பிறக்கும் இடம். வைகை அணைக்கு வரும் நீரில் பெரும்பகுதி பெரியாற்றுத் தண்ணீர் என்றாலும், வடகிழக்குப் பருவமழையில் மூல வைகை கொண்டுவரும் வெள்ளம் அணைக்கு முக்கியம். மதுரை நகரம் குடிக்கும் தண்ணீரில் அந்த அணைத் தண்ணீரும் உண்டு. சரிவில் மரம் போய் மண் திறந்து கிடந்தால் மழை உள்ளே இறங்காமல் மண்ணோடு ஓடிவந்து அணையில் படியும். இதை ஒட்டிய மேகமலை முதலில் வனவிலங்குச் சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஐந்தாவது, நாட்டில் 51-ஆவது. ஒவ்வோர் அறிவிப்புக்குப் பிறகும் மலைமேல் இருப்பவர்களுக்குச் சட்டம் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது.

மலைமேல் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். காட்டையே வீடாகக் கொண்ட பளியர் பழங்குடியினர் இருக்கிறார்கள். பாட்டன் காலத்தில் ஏறி வெள்ளாமை செய்தவர்களின் பேரன்மார் இருக்கிறார்கள். பின்னால் வந்து, முன்னால் வந்தவரிடம் காசு கொடுத்து இடம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். சட்டம் இந்த மூவரையும் மூன்று விதமாகப் பார்க்கிறது. இதைச் சொல்லாமல் "உங்களை யாரும் அசைக்க முடியாது" என்று மேடையில் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இரண்டு பிரிவினருக்கு உரிமை தருகிறது. பழங்குடியினர் என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்த நிலம் அனுபவத்தில் இருந்தால் போதும். பாரம்பரிய வனவாசிகள் எனப்படும் மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், முதன்மையாகக் காட்டில் குடியிருந்து, பிழைப்புக்குக் காட்டை நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 75 ஆண்டுக் கணக்கு வாழ்க்கைக்குத்தானே தவிர, இன்று உழுகிற அதே துண்டு நிலத்துக்கு அல்ல. இது தெரியாமல் மனுவே போடாமல் விட்டவர்கள் உண்டு. உரிமை கிடைத்தாலும் குடும்பத்துக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர்தான். அது வாரிசுக்குப் போகும். விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ முடியாது.

ஆகவே காட்டு நிலத்தை வெள்ளைத்தாளிலோ இருபது ரூபாய் முத்திரைத்தாளிலோ "அனுபவ பாத்தியம்" என்று எழுதி வாங்குவது, காசைக் கொடுத்து வழக்கை வாங்குவதுதான். நோட்டரி முத்திரை விழுந்தாலும் அப்படியே. வாங்கியவருக்கு நிலமும் இல்லை, விற்றவரிடம் காசும் திரும்பாது. தரகர் கமிஷனோடு போய்விடுவார்.

வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு இவையெல்லாம் நிலத்தை உங்களுக்குச் சொந்தமாக்காது. ஆனால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வன உரிமை மனுவுக்கு விதி கேட்பது குறைந்தது இரண்டு சான்றுகள். வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் அந்த வரிசையில் வரும். வீடு, வரப்பு, மட்டப்படுத்திய நிலம், மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலம் ஆகியவையும் சான்றுதான். தாத்தா மேல் வனத்துறை போட்ட பழைய வழக்கின் தாள் இருந்தால் அதையும் வையுங்கள். நீங்கள் அங்கே இருந்ததை அரசாங்கமே எழுதிவைத்த பதிவு அது. செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்ற ஒரே காரணத்தால் மற்றச் சான்றுகளை ஒதுக்க முடியாது.

மனு போகும் வழி கிராம சபை. அது தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழு நேரில் வந்து பார்க்கும். பிறகு உட்கோட்டக் குழு, அதன்பின் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு. பழங்குடியினரோ பாரம்பரிய வனவாசியோ கேட்ட உரிமையின் பரிசீலனை முடியும்வரை அவரை நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று சட்டத்தின் 4(5) பிரிவு சொல்கிறது. நோட்டீஸ் வந்தால் மனு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் கொடுங்கள். வாயால் சொன்ன பதில் கோப்பில் ஏறாது.

தமிழ்நாட்டில் இந்த வேலை தாமதமானதற்கு ஒரு காரணம் உண்டு. 2008-இல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா வழங்குவது முடங்கியது. 2016-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தடை நீங்கியது. 2019 பிப்ரவரியில் மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, அதே மாதத்திலேயே அதை நிறுத்திவைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். நிராகரிப்புகள் முறையாக நடந்தனவா என்ற கேள்விதான் அப்போது எழுந்தது.

சரி, பழங்குடியும் இல்லை, 75 ஆண்டும் இல்லை என்றால்? உண்மையைச் சொன்னால், அந்த நிலத்தில் உரிமைப் பட்டா கிடைக்க இந்தச் சட்டத்தில் வழியில்லை. அப்படிப்பட்டவர் கேட்க வேண்டியது வேறு: முறையான நோட்டீஸ், தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, வருவாய் நிலத்தில் வீட்டுமனை. புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியிலிருந்து மறுகுடியமர்த்தல் திட்டத்தில் விரும்பி இடம்பெயரும் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்று மத்திய அரசு 2021-இல் உயர்த்தியிருக்கிறது. "விரும்பி" என்பது அங்கே சட்டம் போட்ட நிபந்தனை. பழங்குடியினரையும் வனவாசிகளையும் மிரட்டிக் கையெழுத்து வாங்கினால் அந்த ஒப்புதல் நிற்காது. பழங்குடியினரின் வன உரிமையைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தனிக் குற்றமும்கூட.

மனு நிலுவையில் இருக்கும்போது புதிதாக ஒரு மரத்தையும் வெட்டாதீர்கள், ஜேசிபியை ஏற்றாதீர்கள், வேலியில் மின்சாரம் விடாதீர்கள். பழைய உரிமையை நிரூபிக்கப் போகிறவர் கையில் புதிய வழக்கு இருந்தால் குழுவில் அவர் பேச்சு எடுபடாது. வேலி மின்சாரத்தில் யானை செத்தாலும் மனிதன் செத்தாலும் சிறைதான்.

வழக்கறிஞருக்குக் கட்டணம் இல்லையே என்று யாரும் நிற்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். 15100-க்கு அழைத்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுக வழி சொல்வார்கள். மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அடுத்த குழுவிடம் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம். அந்தக் கடிதம் வந்தவுடன், கைக்குக் கிடைத்த தேதியை அதிலேயே எழுதி, ஒரு நகல் எடுத்து வையுங்கள்.